ஜனாதிபதியைக் குனிய வைத்தவர்

ஒரு நாட்டின் ஜனாதிபதியை, இரண்டு வண்டி போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிடி உப்புக்காகத் தரையில் குனிய வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். மரக்காணம் உப்பளத்தில் எங்களிடம் மேஸ்திரியாக இருந்த ‘கூடாது’. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான். பாத்தியில் விசில் அடிக்கக் கூடாது. உப்பு வாரும்போது தும்மக் கூடாது. வந்த தும்மலை என்ன செய்வது என்று கேட்டால், “ரோட்டாண்ட போய்த் தும்மிட்டு வா” என்பார்.

2006 மாசி மாதம், ஐரோப்பாவில் ஏதோ ஒரு குட்டி நாட்டின் ஜனாதிபதி வந்தார். ஐரோப்பிய நாடுகள் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவராம். ஆரோவில் போகிற வழியில் எங்கள் உப்பளத்தில் பத்து நிமிடம் இறங்குவதாக ஏற்பாடு. வரவேற்புப் பொறுப்பு, அங்கே தற்காலிக கிளார்க்காக இருந்த என் தலையில் விழுந்தது.

“நல்லபடியா முடிஞ்சா வேலை பர்மனென்ட். சொதப்புன, மறுநாள்லேர்ந்து வராத,” என்றார் மேனேஜர்.

மூத்தவர் என்பதால் ஜனாதிபதிக்கு உப்பு வழங்கப்போவது மேஸ்திரி. ஒத்திகையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாதுகாப்பு பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு பாத்தியில் இறங்கப் போக, “கூடாதுங்க சார்! சோத்துல போடுற உப்புங்க!” என்று மேஸ்திரி குறுக்கே நின்றார். இன்ஸ்பெக்டர் முறைத்தார். இவரும் முறைத்தார். கடைசியில் பூட்ஸ்தான் கழன்றது. மற்றபடி, தாம்பாளத்தில் உப்பை வைத்து நீட்டும் ஒத்திகை ஒழுங்காகவே நடந்தது.

மறுநாள் ஜனாதிபதி வந்து நின்றார். கடைசி நிமிடத்தில் போட்டோகிராபர் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “கையிலயே குடுங்க, போட்டோ நல்லா வரும்” என்றார். ஜனாதிபதி சிரித்தபடி இரண்டு கைகளையும் ஏந்தினார். மேஸ்திரி, அள்ளிய உப்பைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“கூடாது!”

மேனேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு போலீஸ்காரரின் கை இடுப்புக்குப் போய்விட்டது. நான் என் வேலைக்கு மனசுக்குள் கருமாதியே செய்து முடித்தேன்.

“மேஸ்திரி, குடுத்துத் தொலைங்க!” என்று பல்லைக் கடித்தேன்.

“உப்பைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும் தம்பி. அவரு பாவம், அத்தினி நாட்டையும் ஒண்ணு சேக்கப் பாடுபடுறாரு. நம்மளால எதுக்கு வம்பு?”

தோளில் கிடந்த துண்டை உதறித் தரையில் விரித்து, உப்பை அதில் வைத்தார். “இப்ப எடுத்துக்கச் சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். ஜனாதிபதி துண்டையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டு கசங்கக் குனிந்து உப்பை அள்ளினார். பக்கத்தில் நின்ற தன் மந்திரியிடம் கொஞ்சம் நீட்டப் போனவர், மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகத் துண்டிலேயே போட்டார். மந்திரியும் குனிந்தார். ஜனாதிபதி விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

எனக்கு வேலை பர்மனென்ட் ஆனது. ஆறே மாதத்தில் விழுப்புரம் ஆபீசுக்கு மாற்றல். கிளம்புகிற அன்று மேஸ்திரி வந்தார். நான் கையை நீட்ட நீட்ட, கொண்டுவந்த உப்புப் பொட்டலத்தை என் வண்டி சீட்டில் வைத்தார்.

“உங்களோட எனக்கு சண்டை வேணாம் தம்பி,” என்றவர், திரும்பிப் பார்க்காமல் பாத்தியைப் பார்த்து நடந்தார்.

என் மேல் அவருக்கு அத்தனை பிரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு இருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது.