அரை டிகிரியும் மாலை போட்ட மெஷினும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நன்னிலத்தில் ஒரு சுத்தியல், தகடு வெட்டும் ஒரு கத்தரி, ஒரு வாடகைக் கொட்டகை. இவ்வளவுதான் முதல். இன்று எங்கள் பக்கத்து ரைஸ் மில்களில் உமி போகும் குழாயோ, நெல் கொட்டும் புனலோ, எதைத் தட்டினாலும் என் பட்டறைச் சத்தம் வரும். வெள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் பெஞ்சு மேல் ஏறி நின்று தகடு வெட்டியவன் நான். அப்படிப்பட்ட என்னையே ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடக்க வைத்த மனுஷன் காவிரி பாயும் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர்தான் அரை டிகிரி.

வீட்டில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டதில்லை. திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் தகடு மடித்து ஓய்வு பெற்று என்னிடம் வந்தவர். சட்டைப்பையில் எப்போதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கோணமானி இருக்கும். ஒருமுறை முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, "இடது கிருதா அரை டிகிரி இறங்கியிருக்கு" என்றார். சரி செய்தார்கள். "இப்ப வலது." அதையும் செய்தார்கள். இரண்டு கிருதாவும் காதுக்கு மேலே காணாமல் போன பிறகுதான் எழுந்தார். அன்று வந்த பெயர்.

கீழ்வேளூரில் மில் வைத்திருக்கும் ஹாஜியார் நெல் காய வைக்கும் டிரையருக்கு எட்டடித் தகடு இருநூறு கேட்டார். ஒன்றின் ஓர மடிப்பு அடுத்ததன் மடிப்புக்குள் போய் உட்கார வேண்டும். என் பழைய கை மெஷினில் மடித்து முதல் பத்துத் தகட்டைக் கொண்டுபோனேன். இரண்டு முனையும் சேர்ந்தது, நடுவில் வாயைப் பிளந்தது.

"என்னங்க இது, தகடு கேட்டா ஜன்னல் கொண்டாந்திருக்கீங்க?" என்றார் ஹாஜியார். பிறகு சிரிக்கவில்லை. "குறுவை நெல்லு ரோடு பூரா கெடக்கு. மழை புடிச்சா முளைச்சிரும். பத்து நாள்ல முடியலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வேற ஆள்! என் காது அதுவரை கேட்காத வார்த்தை.

மறுநாளே தகடு மடிக்கும் புது மெஷின் வாங்கத் திருச்சிக்குக் கிளம்பினேன். நான் மாலை, குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு போனேன். அரை டிகிரி எங்கள் பட்டறைத் தகட்டைத் துண்டுகளாக வெட்டி, பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர், "பெரியவரே, குழந்தையா?" என்று எட்டிப் பார்த்தார்.

விற்பனைக் கூடத்தில் பத்தடி நீளத்தில், டிவி மாதிரித் திரையோடு ஒரு மெஷின் பளபளத்தது. விற்பனைப் பையன் தன் தகட்டைப் போட்டு மடித்தான். மூலைமட்டம் வைத்தால் மயிரிழை தவறவில்லை. எனக்குக் கை நிற்கவில்லை. மாலையைப் போட்டு, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டேன். எங்கள் தொழிலில் பூஜை போட்ட மெஷினை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

"முதலாளி, அவசரப்பட்டுட்டீங்க" என்றார் அரை டிகிரி. மடியிலிருந்த வேட்டி மூட்டையை அவிழ்த்தார்.

"சார், எங்க தகட்டுலயே எத்தனை வேணா மடிச்சுக் காட்டுறோமே?"

"உங்க தகடு உங்க பேச்சைக் கேக்கும் தம்பி. எங்க தகடு மடிச்சு விட்டதும் கொஞ்சம் திமிரிக்கிட்டு விரியும். அதை இந்த மெஷின் எப்படி அடக்குதுன்னு பாக்கணும்."

இடது முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, வலது முனையில் ஒன்று என்று மடிக்கச் சொன்னார். மடித்ததை எல்லாம் டம்ளர் அடுக்குவது போல ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. "பாத்தீங்களா?" என்றேன் வெற்றியோடு.

"காலையில எல்லா மெஷினும் நல்ல பிள்ளைதான். உள்ளே தகட்டை அமுக்குற எண்ணெய் சூடாகட்டும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அசையவில்லை.

மெஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஹாஜியார் போன் செய்தார். "கிழக்கே கறுக்குதுங்க. தார்ப்பாய் பத்தாது." பன்னிரண்டுக்கு மறுபடியும். அதன் பிறகு போனைப் பைக்குள்ளேயே அதிர விட்டேன்.

ஒரு மணிக்கு மறுபடி மடிக்கச் சொன்னார். அடுக்கிப் பிடித்தார். நடுத்துண்டின் பக்கத்தில் கோடாக வெளிச்சம். கோணமானியை வைத்து, "ஒரு டிகிரி" என்றார்.

நான் வெடித்துவிட்டேன். "ஒரு டிகிரியில என்னய்யா குடி முழுகிடும்? அங்க நெல்லு நனையப் போவுது!"

"ஒரு தகட்டுக்கு ஒரு டிகிரி முதலாளி. இருநூறு தகட்டைச் சேர்த்தீங்கன்னா கடைசித் தகடு வேளாங்கண்ணியில போய் நிக்கும்."

மூலையில் உறை போட்டு இன்னொரு மெஷின் கிடந்தது. திரை சின்னது, நீளமும் ஒன்பதடிதான். அவர் குனிந்து அதன் வயிற்றைப் பார்த்தார். நடு மேசை தொய்ந்துவிடாமல் கீழேயிருந்து தாங்கும் அமைப்பு இருந்தது. அதையும் சூடேற்றி, மூன்று மணி நேரம் அதே சோதனை. மாலை வெயிலுக்கு நேரே அடுக்கிப் பிடித்தார். இருட்டு. ஊசி வெளிச்சம் இல்லை.

"இதுதான்."

"குங்குமம் அதுக்கு வச்சிட்டேனேய்யா. துடைக்கலாமா?"

"எதுக்குத் துடைக்கணும்? அது மங்களகரமா இங்கயே நிக்கட்டும். இதுக்கும் ஒரு பொட்டு வைங்க."

மெஷின் லாரியில் வந்து இறங்கியது. நல்ல வேளை, அன்று கிழக்கே கறுத்த மேகம் பொழியாமல் கலைந்துபோயிருந்தது. ஒன்பதாவது நாள் இருநூறு தகடும் மில்லில் ஏறின. டிரையர் சூடான சாயங்காலம் மழை கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் இணைப்பு ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து, சூட்டுக்காற்று கசிகிறதா என்று நடந்துகொண்டே இருந்தார். கசியவில்லை. ஹாஜியாரின் நெல் ஒரு மணி கூட முளைக்கவில்லை.

மில் சுவரில் ஹாஜியார் கல்வெட்டு பதித்தார். டிரையர் அமைத்தவர் என்று என் பெயர் மட்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரை டிகிரி நெடுநேரம் பார்த்தார். வருத்தமோ என்று நினைத்தேன்.

"வலது பக்கம் அரை டிகிரி இறங்கியிருக்கு முதலாளி."

இப்போது அவர் காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார். ஹாஜியாருக்கு இந்தப் பத்திரிகை வழியாகவே சொல்கிறேன். அந்தக் கல்லை எப்படியும் இறக்கி நேராக்க வேண்டும். இறக்கும்போது, மெஷினைத் தேர்ந்தெடுத்தவர் அரை டிகிரி என்று முதல் வரியில் வெட்டுங்கள். அந்த அரை டிகிரியைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதையும் விடக் கூடாது. என் பெயர் அவருக்குக் கீழே இருந்தால் போதும்.