கட்டுச்சாமியின் கராஜ் காவல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவா ஊர்ப் பக்கத்துத் தாமானில் கால் வைக்க இடமில்லை. ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுக் கட்டிய குடியிருப்பு அது. நீலாயிலிருந்து கார்கள் வந்தன, கெமாசிலிருந்து வேன் வந்தது. எல்லார் கையிலும் எலுமிச்சம்பழம். மோட்சம் கேட்டு யாரும் வரவில்லை. கராஜுக்குப் பாதுகாப்புக் கேட்டு வந்திருந்தார்கள். மோட்சம் மெதுவாகக் கிடைக்கட்டும். மோட்டார் சைக்கிள் போய்விட்டால் திங்கட்கிழமை வேலைக்கு எதில் போவது?

தாமானில் திருட்டு அதிகம்தான். இன்று ஒரு வீட்டில் சைக்கிள், நாளை ஒரு வீட்டில் புல்வெட்டும் இயந்திரம். ஜனங்கள் பயந்து கிடந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சத்தியசீலன் சாமி. கட்டுச்சாமி என்றால்தான் ஊருக்குத் தெரியும். கராஜ் வாசலில் விபூதியும் குங்குமமும் கலந்து ஒரு கோடு போடுவார். காவல் தெய்வமான முனிக்கு ஒரு சுருட்டு வைப்பார். மந்திரம் சொல்வார். அவ்வளவுதான், கட்டு விழுந்துவிட்டது! கெட்ட எண்ணத்தோடு கோட்டை மிதிப்பவன் கால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

சாட்சியும் கையோடு இருந்தது. மணியம் என்று ஒருவன். ஒரு காலத்தில் அவன் திருடனாம். சாமியின் கோட்டை மிதித்து, ஊரே பார்க்க மரம்போல நின்றானாம். சாமி தண்ணீர் தெளித்த பிறகுதான் கால் பிரிந்ததாம். அன்றிலிருந்து சீடன். போகிற ஊரிலெல்லாம் ஒருமுறை மிதித்து, ஒருமுறை ஒட்டிக்கொண்டு காட்டுவான். நல்ல உழைப்பாளி.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. கராஜில் பூட்டுப் போடக்கூடாது. இரும்பு முனிக்கு ஆகாது.

தோசைக்கடை செல்லம்மா அதை நம்பிப் பூட்டைக் கழற்றினாள். அந்த வாரமே அவளுடைய மாவரைக்கும் இயந்திரம் காணாமல் போனது. அழுதுகொண்டு சாமியிடம் ஓடினாள்.

"வெள்ளிக்கிழமை வீட்ல நண்டு சமைச்சியாம்மா?"

"ஆமா சாமி…"

"அதான் கட்டு அவுந்துடுச்சி."

கூட்டம் வாயைப் பிளந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்! போர்ட்டிக்சன் கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நண்டு சமைக்காத வீடு எது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. செல்லம்மா மறுபடியும் காணிக்கை கொடுத்து, மறுபடியும் கட்டுப் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு ரோகினி வீட்டு முறை. ரோகினி கராஜில் பலகாரம் செய்து விற்பவள். மாவு பிசையும் இயந்திரம், எண்ணெய்ச் சட்டிகள், கேஸ் அடைத்த தோம்பு எல்லாம் அங்கேதான். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு பொருள் போனாலும் அந்த வருடப் பிழைப்பு போனது. அவள் கணவன் சசிதரன் லாரி ஓட்டுகிறவன். சாலையில் யாருக்கும் வழி விடாதவன், சாமிக்கு மட்டும் விழுந்து வழி விட்டான். அவளைக் கேட்காமலேயே பூட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

ரோகினி வாசலை மறித்து நின்றாள்.

"சாமி, இரும்பு முனிக்கு ஆகாதா?"

"ஆகாதும்மா."

"முனி கையில அருவா இருக்கே. அது என்ன, பிளாஸ்டிக்கா?"

யாரோ சிரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ரோகினி, வாய மூடுலா!" என்றான் சசிதரன்.

அவள் மூடவில்லை. தெருவில் நின்ற சாமியின் வெள்ளைக் காருக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்டீயரிங்கில் கைத்தடிப் பருமனில் ஓர் இரும்புப் பூட்டு.

"ஊருக்கெல்லாம் கோடு. ஒங்க காருக்கு மட்டும் பூட்டா சாமி?"

"அது… கடையில சும்மா குடுத்தான்."

"அப்ப கழட்டுங்க. காரச் சுத்திக் கோடு போடுங்க. சாவிய உள்ளயே வைங்க. நான் திருட்டு எண்ணத்தோடதான் மிதிக்கப் போறேன், எல்லாரும் கேட்டுக்குங்க. கால் ஒட்டிக்கிச்சின்னா என் கராஜ் கதவையே பேத்துடுறேன்."

"முனிய சோதிக்கக்கூடாதும்மா."

"முனிய இல்ல சாமி. ஒங்களத்தான்."

சாமி நழுவப் பார்த்தார். ஆனால் பக்தர்கள் விடவில்லை. "போடுங்க சாமி!" என்று முதல் ஆளாகக் கத்தியவள் செல்லம்மாதான். "கை கால் வெளங்காம நிக்கட்டும். அப்பதான் இவளுக்குப் புத்தி வரும்!" நம்பாதவர்களைச் சமாளித்துவிடலாம். முழுதாக நம்புகிறவர்களிடம் மாட்டிக்கொண்டால் சாமிக்கே தப்பிக்க வழியில்லை.

பூட்டு கழன்றது. சாவி உள்ளே போனது. கோடு விழுந்தது. சாமி போட்ட மந்திரத்தில் கொஞ்சம் இருமலும் கலந்திருந்தது.

ரோகினி செருப்பைக் கழற்றினாள். ஒரு கணம் அவளுக்கும் உள்ளங்கால் கூசியது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகள் சும்மா விடுமா? "வேணாம் ரோகினி," என்று கெஞ்சினான் சசிதரன். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கோட்டை நன்றாகத் தேய்த்து மிதித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். காரைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டாள்.

"ஐயோ, என் காரு! திருடி! போலீசக் கூப்பிடுங்கடா!" முனியைக் கூப்பிட வேண்டும் என்று சாமிக்கு ஞாபகமே வரவில்லை. "டேய் மணியம், புடிடா அவள!"

மணியம் பாய்ந்தான். இந்தப் பக்கக் கோட்டை மிதித்து, அந்தப் பக்கக் கோட்டையும் மிதித்து, காருக்குப் பின்னால் தெருக்கோடி வரைக்கும் ஓடினான்.

சசிதரன் மெதுவாகச் சொன்னான்: "டேய்… ஊர் ஊரா ஒட்டுன இவன் காலு இப்ப ஒட்டலியே."

ரோகினி காரைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தியபோது மணியத்தின் சட்டைக் காலர் செல்லம்மாவின் கையில் இருந்தது. இரண்டு அறை விழுந்ததும் அவனுக்கு வாய் திறந்தது.

"பூட்டக் கழட்டச் சொல்றது அவரு. வந்து தூக்கிட்டுப் போறது நான்தான்க்கா. ஒங்க மிசின கெமாஸ்ல வித்துட்டோம்…"

அப்புறம் போலீஸ் வந்தது. சாமி கூப்பிடச் சொன்ன போலீஸ்தான். சாமியையே ஏற்றிக்கொண்டு போனது. சசிதரன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பூட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாயங்காலம் செல்லம்மா வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"ரோகினி, அவன் கட்டையே நீ மிதிச்சி ஒடச்சிட்ட. ஒனக்குள்ள ஏதோ பெரிய சக்தி இருக்கு. எங்க கராஜுக்கு நீயே வந்து ஒரு கட்டுப் போட்டுடு தாயி."

ரோகினி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குள்ள இருக்கறதுதான் ஒங்க மண்டைக்குள்ளயும் இருக்கு. நீங்க அதப் பூட்டி வெச்சிட்டு கராஜத் தொறந்து போட்டிருக்கீங்க. மாத்திச் செய்ங்க, போங்க!"