ஆயுத பூஜையில் பொட்டு வைத்த பாஸ்வேர்டு

ஒரகடம்

அன்புள்ள மரகதம் அக்காவுக்கு, தம்பி ரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். படப்பையில் நீயும் மாமாவும் சுகமாயிருக்க அம்மன் துணை. நான்கு நாளாக என் போனை நீ எடுக்காததால் இந்தக் கடிதம்.

விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று கம்பெனியில் அனுப்பியதற்காக உன் மகள் கலைமதியைத் திட்டாதே. நான் சூப்பர்வைசராக இருக்கும் டிஸ்பாட்சில், பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் அவள் பெயரில்தான் திறக்கும். பதினாறு எழுத்தில், எண்ணும் நட்சத்திரக் குறியும் கலந்து பாஸ்வேர்டு வைத்திருந்தாள். ஷிப்டு மாறும்போது அதை அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது என்று சிலர் முனகியதால், 'டிஸ்பாட்ச் 123' என்று மாற்ற வேண்டியதாயிற்று. அப்போதே சொன்னாள், "பேரு என்னுது மாமா. எவன் பூந்தாலும் நான்தான் மாட்டுவேன்." சின்னப் பெண் பயப்படுகிறாள் என்று விட்டுவிட்டோம். அதையும் யாரோ சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினார்கள். ஆயுத பூஜை வந்ததும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சீட்டு மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்து, எல்லோரும் நின்று போட்டோ எடுத்து, அதை யாரோ கம்பெனி பெயரோடு ஃபேஸ்புக்கில் போட, இருநூற்றுப் பதினான்கு லைக் விழுந்தது. மறுவாரம் எந்த ஊர்க்காரனோ வெளியிலிருந்தே உள்ளே புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டான். லேபிள் இல்லாமல் பெட்டி நகரவில்லை, கேட் வரைக்கும் லாரி. மேனேஜர் எழிலரசன் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இன்னா ரத்தினம், திருடனுக்கும் சேத்தா பூஜை போட்டீங்க?" என்றார்.

அடுத்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டிய பெண். நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சீட்டு எழுதியது யாரென்றே தெரியாதபோது, விசாரணையில் நான் வாயைத் திறப்பது முறையல்ல என்று இருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். கலைமதிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி ரத்தினம்

பி.கு.: நேற்று ராத்திரி கவரை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. டீ ஆறியது எனக்குத்தான். சீட்டு எழுதியதும், பொட்டு வைத்ததும், ஃபேஸ்புக்கில் போட்டதும் நான்தான். இன்று காலை மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கலைமதி வேலைக்குப் போகலாம். எனக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். இனி என்ன பாஸ்வேர்டு வைப்பாய் என்று அவளிடம் போனில் கேட்டேன். "உனுக்குச் சொல்ல மாட்டேன் மாமா" என்று சிரித்தாள். நான்கு நாளுக்குப் பிறகு இன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன் அக்கா.