மகளின் கபத்தை நான் குறைத்த விதம்

வாழ்க்கையில் நான் மயங்கி விழுந்தது ஒரே ஒரு முறை. அதுவும் பள்ளிக்கூட ஆய்வகத்தின் வாசலில், இருபது ஜோடி செருப்புகளின் மேல். அங்கே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கொள்ளு.

மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் பொறுப்பு. துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். நூறில் பத்து உருப்படியைப் பார்த்தால் போதும் என்று வாங்குபவர் எழுதிக் கொடுத்தாலும் நூறையும் பிரித்துப் பார்ப்பேன். பத்தொன்பது வருடமாக இப்படியே பார்த்த கண்ணை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்கத் தெரியவில்லை. (தெரிந்திருந்தால் இதை எழுதும் நிலைமையே வந்திருக்காது.)

வீட்டில் அந்தக் கண்ணுக்கு அகப்பட்டவள் என் மகள் யாழினி. பன்னிரண்டாம் வகுப்பு. காலையில் மூக்கடைப்பு, சாயங்காலம் புத்தகத்தின் மேலேயே தூக்கம். எதையும் நிதானமாகத்தான் செய்வாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் சட்னி அரைத்து முடித்துவிடலாம். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, இந்த வேகத்தில் இவள் எதை எழுதி முடிக்கப் போகிறாள் என்று நான் நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுர்வேத டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கபம் கொஞ்சம் கூடியிருக்குதுங்க" என்றார். சூரியன் உதிக்கும் முன் எழுவது, அரை மணி நேர நடை, பகல் தூக்கம் கூடாது, ராத்திரியில் தயிரும் வாழைப்பழமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம். அவ்வளவுதான்.

"ஒவ்வொண்ணா ஆரம்பிங்க. ஒண்ணு பழகுனதுக்கு அப்பறம் அடுத்தது. அவசரமே இல்லீங்க."

எங்கள் கம்பெனியில் இந்த வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அன்றும் அது காதில் விழவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்தேன். வாரம் இரண்டு நாள் கொள்ளு, தினம் இரண்டு வேளை ஆனது. அரை மணி நடை ஒன்றரை மணி ஆனது. டாக்டர் சொல்ல மறந்திருப்பார் என்று (எவ்வளவு பெரிய மனசு எனக்கு) கைபேசி வீடியோக்களைப் பார்த்துத் திப்பிலி, மிளகு, பாகற்காய்ச் சாறு, குளிக்கும் முன் கொள்ளு மாவு தேய்ப்பு எல்லாவற்றையும் நானே சேர்த்தேன். சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். கம்பெனியிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு தாள் கொண்டுவந்து தயிர்ப் பாத்திரம், வாழைத்தார், வெண்ணெய் டப்பா என்று ஒட்டி வைத்தேன். கடைசியில் அவள் தலையணைக்கும் ஒன்று.

"ஏம்மா, நீ புள்ளைய வளக்கறயா, பீஸ் செக் பண்றயா?" என்று கேட்டார் என் கணவர்.

"இன்னும் நாலு நாள் போனா நான் கனைக்கப் போறேன் பாருங்கப்பா" என்றாள் யாழினி.

ஆர்டர் ஓடும் முன் சாம்பிள் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதனால் அவள் சாப்பிட்டதையெல்லாம் நானும் சாப்பிட்டேன், அவளைவிடக் கொஞ்சம் குறைவாகவே. மூன்றாவது வாரம் அவள் உதடு வெடித்தது. "வாயெல்லாம் காந்துதும்மா" என்றாள்.

"கபம் கரையுது கண்ணு" என்றேன்.



வேதியியல் செய்முறைத் தேர்வு அன்று அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, சுக்குத் தண்ணீர் ஃபிளாஸ்க்கோடு பள்ளி வளாகத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து நான் சாப்பிட்டது ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு மட்டும். தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். ஆயாம்மா வேகமாக வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, யாழினி அம்மா நீங்கதானுங்க? பாப்பாவுக்கு மூக்குல ரத்தம் வருதுங்க. பயப்படாம வாங்க."

பயப்படாமல் எப்படி வருவது என்று அவர் சொல்லவில்லை. ஓடினேன்.

ஆய்வக வாசலில் நின்று பார்த்தேன். யாழினியின் வெள்ளைக் கோட்டில் சிவப்புச் சொட்டுகள். மூக்கில் பஞ்சு. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தபடி இடது கையால், சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் ப்யூரெட் குழாயின் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "போதும்மா, உக்காரு. அடுத்த பேட்ச்ல செய்யலாம்" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. கீழே செருப்புகள்.

நான் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. முகத்தில் தண்ணீர் பட்டு எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் காதில் விழுந்தது அவள் குரல். ஆயாம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் குடுவையை விட்டு நகரவில்லை.

"ஆயாம்மா, எங்கம்மாவுக்குச் சக்கரை போட்டுத் தண்ணி குடுங்க. காலைல இருந்து ஒண்ணும் சாப்படல. சார், எனக்கு ரத்தம் நின்னுருச்சுங்க சார். இன்னும் ரெண்டு சொட்டுதான்."

முதல் சொட்டு விழுந்தது. சுழற்றினாள். நிறம் வந்து மறைந்தது; மறையாமல் நின்றால்தான் கணக்கு முடியும். அவள் அவசரப்படவில்லை. அந்த அறையில் தேர்வாளர் உட்பட எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தோம், அவள் மட்டும் சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், வாய் வழியாக. இரண்டாவது சொட்டு. குடுவை முழுக்க மெல்லிய இளஞ்சிவப்பு பரவி அப்படியே நின்றது. தினமும் நூறு ஷேடு பார்க்கிறவள் நான். அதைப் போல ஒரு நிறத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணை நானா பெற்றேன் என்று இருந்தது.

அளவைக் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். "எந்திரிங்கம்மா. அது ஹெச்.எம். செருப்பு" என்றாள்.

சாயங்காலம் ஆயுர்வேத டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கூடுனத மட்டுந்தானுங்க கொறைக்கச் சொன்னேன். நீங்க இருக்கறதையே கொறைக்கப் பாத்திருக்கறீங்க. நிதானம், பொறுமை, நடுங்காத கை, இதெல்லாமுந்தான் கபம். அது இல்லைன்னா இன்னைக்கு அந்தப் பரீட்சைய முடிச்சிருப்பாளா?"

என் கணவர் மெதுவாகக் கேட்டார். "டாக்டர், அம்மாவுக்கும் அதுல கொஞ்சம் சேத்த முடியுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பிடித்திருந்தார். பிறகு எனக்கு எழுதிக் கொடுத்தார்: நேரத்துக்குச் சாப்பாடு, சோற்றில் நெய், தலைக்கு எண்ணெய், ஒரு வாரம் லீவு. யாழினிக்குப் பழைய சீட்டே போதும் என்றார். இந்த முறை ஒவ்வொன்றாகவே பழக்கினோம். நடையிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் மூக்கடைப்பு போயிற்று. நிதானம் போகவில்லை.

செய்முறைத் தேர்வில் அவளுக்கு முழு மதிப்பெண். இப்போது கோயமுத்தூரில் வேதியியல் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தால் என் கணவர் தவறாமல் ஸ்பீக்கரில் போட்டு, "லேப்பெல்லாம் எப்படிப் போகுது கண்ணு?" என்று கேட்பார், பதில் தெரிந்துகொண்டே.

"நல்லாப் போகுதுங்கப்பா. வெளிய செருப்பு மேல அம்மா இல்லையான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் ப்யூரெட்டத் தெறப்பேன்."