கேட் டாக்டரும் என் தாலிச் சங்கிலியும்

தாம்பரம் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரோடு நின்று நின்றே பாதி ஆயுளைத் தொலைத்தவர் எங்கள் கேட் டாக்டர். மீதி ஆயுளில் அந்தக் கேட்டைத் திட்டினார். நடுவே கிடைத்த நேரத்தில் எங்களுக்கு ஸ்கேன் எடுத்தார்.

உடம்பில் எங்கே அடைப்பு என்றாலும் அவருக்கு அது கேட்தான். பித்தப்பையில் கல் இருந்தால், "கூட்ஸ் வண்டி நிக்குது" என்பார். கேட்டவருக்கு வலியே மறந்துபோகும், பயத்தில்.

தொண்ணூறுகளில் ஒருநாள், செம்பாக்கத்தில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். இடது கண்ணில் திடீரென்று இருட்டு. வலியே இல்லை. கண் டாக்டர், ரத்தக்குழாய் அடைத்திருக்கும், ஸ்கேன் எடுங்கள் என்று கேட் டாக்டரிடம் அனுப்பினார்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். அதற்காக மிரட்டினால் மிரளுகிறவள் இல்லை.

கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் பசையைத் தடவினார். வலது கண்ணில்.

"சார், ரிப்பேரு அந்தாண்ட கீது."

"தெரியும்மா. ஓடுற ரூட்டைப் பார்த்தாத்தான் நின்ன ரூட்டு புரியும். பேசாதீங்க, படம் ஆடுது."

வலது கண்ணில் ரத்தம் ஓடுவது ஸ்கேன் மெஷின் டிவியில் சிவப்பாகத் தெரிந்ததாம். எங்கள் வீட்டு டிவி கறுப்புவெள்ளை. என் கண்ணுக்குள் கலர்! இடது கண்ணில் ஒன்றும் ஓடவில்லை.

"மூடிட்டான்மா கேட்டை!" என்று மேஜையில் அடித்தார். பிறகு குரல் இறங்கியது. "இது திரும்பத் திறக்கிறது கஷ்டம். கழுத்துலேர்ந்துதான் அடைப்பு வந்திருக்கும். விட்டா மூளைக்கே போயிடும், கை கால் விழுந்துடும். சங்கிலியைக் கழட்டுங்க, கழுத்தைப் பார்க்கணும்."

"தாலியையா? எங்க வூட்டுக்காரர் வெளியே குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்க சொல்ல, இன்னா பேச்சு சார் இது?"

"அவருக்காகத்தாம்மா கேக்கறேன்!"

"கழட்ட மாட்டேன்."

ஸ்கேன் அறையை இரண்டு சுற்று சுற்றினார். மனிதர் கேட்டில் காத்திருக்கும் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை குங்குமம் வெச்சு, தாலியைக் கண்ணுல ஒத்திக்குவீங்க இல்ல?"

"ஆமா."

"இன்னைக்கே வெள்ளிக்கிழமைன்னு வெச்சுக்குங்க. தூக்கிக் கண்ணுல வெச்சுக்கிட்டு அசையாம இருங்க."

சங்கிலி மேலே போனது, கழுத்து காலியானது. அவர் நினைத்த இடத்திலேயே அடைப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். இடது கண் இருட்டு இருட்டுதான். வலது கண்ணும் கை காலும் தப்பின.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் தாலியைக் கண்ணில் ஒற்றும்போது வீட்டுக்காரருக்காக வேண்டிக்கொள்கிறேன். அப்புறம், 'கேட் டாக்டர் போற வழியெல்லாம் திறந்தே இருக்கணும்' என்று இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன், அசையாமல்.