மச்சினன் கால் அளவு

விமான நிலைய வரிசையில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றபோது, கோந்து சாரின் வலது ஷூ வாயைத் திறந்தது.

முதலில் ஒரு கொட்டாவி அளவுக்குத்தான். பெட்டியை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடித்தோல் முக்கால்வாசி பிரிந்து, அவர் வைக்கிற ஒவ்வோர் எட்டுக்கும் தரையில் 'படக் படக்' என்று கைதட்ட ஆரம்பித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்ப்பது பசை கம்பெனியில். இருபது வருஷமாக விற்பனைப் பிரிவில் இருப்பதால் அலுவலகத்தார் அன்பாக வைத்த பெயர்தான் கோந்து சார். ஷூ தொழிற்சாலைகளுக்கு அடித்தோல் ஒட்டும் பசை விற்கத்தான் கம்பெனி அவரை மூன்று வாரம் இந்த வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. தோல் கிழிந்தாலும் கிழியுமே தவிர எங்கள் ஒட்டு பிரியாது என்று எட்டுத் தொழிற்சாலைகளில் மார்தட்டிவிட்டு, மாதிரி டியூப்கள் அத்தனையையும் கொடுத்துத் தீர்த்திருந்தார். தன் ஷூவில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தனக்கென்று எதுவும் தோன்றாத சுபாவம் அது.

"சார், உங்க கைப்பையில புது ஷூ டப்பா தெரியுதே. அதைப் போட்டுக்கலாமே?" என்றாள் பெட்டி வாங்கிய பெண்.

"அது என் மச்சினனுக்கும்மா" என்று சொல்லிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் மனைவி வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அந்த ஷூதான். கிளம்புகிற அன்று, பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் வரைந்த ஒரு காலை அவர் கையில் கொடுத்தாள்.

"தம்பிக்கு நல்ல தோல் ஷூ ஒண்ணு. இதான் அளவு. ஆனா நீங்க போட்டுப் பார்க்கக் கூடாது. புதுசு புதுசாவே வரணும்."

"உன் தம்பி ஷூவை நான் எதுக்குடி போடப்போறேன்?"

"சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். காலையில் சாமி கும்பிடாமல் வாயில் தண்ணீர்கூட விடாத மனிதர் அவர். அவரிடம் சத்தியம் என்றால் சத்தியம்தான்.

அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வரும். அப்படி ஒரு கால். முன்பக்கம் முறம் மாதிரி அகன்று, சுண்டுவிரல் வீட்டோடு கோபித்துக்கொண்டதுபோல் தனியே வெளியே கோணிக்கொண்டு போயிருந்தது. கடைக்காரரிடம் தாளை நீட்டி, இது கால் இல்லை, துடுப்பு என்று கையால் படகு ஓட்டியே காட்டியிருக்கிறார். கடைக்காரரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, உள்ளே போய் இருப்பதிலேயே அகலமான ஜோடியை எடுத்து வந்தார். மச்சினன்மேல் கோந்து சாருக்குப் பெரிய கோபம் ஒன்றும் கிடையாது. ஸ்கூட்டரை இரவல் வாங்கிப் பெட்ரோல் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துவான். அவ்வளவுதான்.

இப்போது ஷூவுக்கு வழி பார்க்க வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தார். பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கொடுக்கிற ஆள் ஒருவன் மூலையில் நின்றிருந்தான். அந்த ஊர்ப் பாஷையில் கோந்து சாருக்குப் பத்து வார்த்தை தெரியும். அதில் ஆறு பசையைப் பற்றியவை. மற்றதற்கு அரைகுறை ஆங்கிலமும் இரண்டு கைகளும். சொல்லி முடித்ததும் அந்த ஆள் மண்டியிட்டு உட்கார்ந்து, ஷூவைச் சுற்றி எட்டுச் சுற்று சுற்றினான். காசு நீட்டியபோது, இதற்கெல்லாமா என்பதுபோல் கையை ஆட்டினான்.

'படக் படக்' நின்றது. ஆனால் பளபளவென்று துடைத்த தரையில் வழுவழுப்பான பிளாஸ்டிக். மூன்றாவது எட்டில் வலது கால் அவரைக் கேட்காமலே புறப்பட்டுப் போனது. இடது கால் பின்னால் ஓடியது. பையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நேரே போய், தரை துடைக்கும் அம்மாவின் தள்ளுவண்டியில் மோதி உட்கார்ந்தார். அந்த அம்மா திட்டவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தி, சட்டையைத் தட்டிவிட்டு, பாதுகாப்புச் சோதனை வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டுபோய் விட்டாள். உலகம் கெட்டுப்போச்சு என்று செய்தித்தாள் தினமும் சொல்கிறது. உலகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, சில சமயம் ஷூ கிழிய வேண்டியிருக்கிறது.

சோதனையில் நின்ற காவலருக்கு, பிளாஸ்டிக் சுற்றிய ஒற்றைக் கால் பிடிக்கவில்லை. கத்தியை எடுத்து ஒரே கீறாகக் கீறினார். சுற்று பிரிந்தது. கூடவே ஒட்டிக்கொண்டிருந்த கால்வாசி அடித்தோலும் விடைபெற்றுக்கொண்டது. மனிதர் ஒரு மாதிரியாகிவிட்டார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பையைத் திறந்து டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதோ புதுசு இருக்கே. போட்டுக்கங்க."

"ஐயோ, அது என்னுது இல்லைங்க."

விமான நிலையத்தில் சொல்லவே கூடாத ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டோம் என்பது, இரண்டு பேர் வந்து அவரை ஓர் அறைக்கு அழைத்துப் போனபோதுதான் அவருக்குப் புரிந்தது.

மேசை, மூன்று நாற்காலி, ஒரு கடிகாரம். விமானத்துக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. யாருடைய ஷூ என்று கேட்டார்கள். மச்சினனுடையது என்றார். அவர் கொடுத்தாரா என்றார்கள். இல்லை, நான்தான் அவருக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். அப்படியானால் இது உங்களுடையதுதானே என்றார்கள். இல்லவே இல்லை என்றார். காவலர் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவினார். குதிகாலைத் தட்டினார். இயந்திரத்துக்குள் இரண்டு முறை அனுப்பி எடுத்தார். ஒன்றும் கிடைக்காததால் சந்தேகம் இன்னும் தடித்தது.

"ஒண்ணும் இல்லாத ஷூன்னா, போட்டு நாலடி நடந்து காட்டுங்க. போயிடலாம்."

"அது மட்டும் முடியாதுங்க."

"ஏன்?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"வீட்டுல."

காவலர் இன்னொரு காவலரைப் பார்த்தார். கடிகாரம் இருபத்தைந்து நிமிஷம் என்றது. விமானத்தை விட்டால் அடுத்தது நாளைக்குத்தான். ஷூவைப் போட்டால் வாக்குப் போச்சு. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு பொருள் கேட்டவளிடம், உன் தம்பி ஷூவை நான் போட்டு மிதித்துக் கொண்டுவந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? கோந்து சார் கண்ணை மூடினார். கடவுளே, ஒன்று விமானத்தை நிறுத்து, இல்லாவிட்டால் இவர்கள் மனசை இளக்கு என்று வேண்டினார். கடவுள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார் போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்ட மேலதிகாரி அம்மா ஒருத்தர் உள்ளே வந்தார்.

நடந்ததைக் கேட்டுக்கொண்டு, வேறு ஏதாவது அத்தாட்சி உண்டா என்றார். கோந்து சார் சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து விரித்தார். அந்த அம்மா புது ஷூவைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு குனிந்து, பிய்ந்த ஷூவைக் கழற்றிப் போட்டிருந்த கோந்து சாரின் வலது காலைப் பார்த்தார். சாக்ஸில் ஓர் ஓட்டை, அதன் வழியே சுண்டுவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி தாளைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

ஓட்டைச் சாக்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கோந்து சார் கூச்சத்தோடு காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"போங்க, விமானம் போயிடும்" என்றார் அந்த அம்மா. டப்பாவைத் தன் கையாலேயே மூடிக் கொடுத்தார். "உங்க மனைவி ரொம்ப நல்லவங்கன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

முன்பின் பார்க்காதவளை நல்லவள் என்கிறாரே என்று யோசிக்கக்கூட நேரமில்லை. இடது ஷூவையும் கழற்றி, பழைய ஜோடியையும் பிரிந்த அடித்தோலையும் கையில் பிடித்துக்கொண்டு, டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நீளமான நடையைச் சாக்ஸோடு ஓடிக் கடந்தார். கதவை மூடப்போன பணிப்பெண் அவர் கோலத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் மெல்லிய துணிச்செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தாள். டப்பாவை மேலே வைக்கலாமே என்றதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை அது குழந்தைபோல் அவர் மடியிலேயே இருந்தது.

ஊரில் மத்தியான மழை. வாசலைத் தாண்டிக் கார் நிற்கிற இடத்துக்கு வருவதற்குள் துணிச்செருப்பு ஊறி, கூழாகி, ஏதோ ஒரு குட்டையில் நின்றுவிட்டது. டப்பாவைக் கோட்டுக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை நனைந்து, வெறுங்காலோடு வந்து நின்ற மனிதரைக் குடையோடு காத்திருந்த மனைவி மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் இன்னொரு குடையோடு மச்சினன், வாயைப் பிளந்தபடி.

"என்னங்க இது கோலம்? ஷூ எங்கே?"

"இதோ பத்திரமா இருக்கு" என்று கோட்டைத் திறந்து டப்பாவை எடுத்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. "போலீஸே போடச் சொல்லிச்சு, நான் போடலை. சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்."

"நான் கேட்டது உங்க கால்ல இருந்த ஷூ."

"அது பைக்குள்ள இருக்கு. வாயைத் திறந்துடுச்சு. நம்ம பசை ஒரு சொட்டு விட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மழையில் தெரியவில்லை. முந்தானையால் அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

கோந்து சார் டப்பாவை மச்சினனிடம் நீட்டினார். இவ்வளவு பாடு பட்டதற்கு ஒரு கேலியாவது பேசாவிட்டால் அவருக்கு மனசு ஆறாது.

"இந்தா மாப்ளே. ஆனா ஒண்ணு, உன் காலைப் பார்த்துக் கடைக்காரரே பயந்துட்டார். அது கால் இல்லப்பா, துடுப்பு. அந்தச் சுண்டுவிரலை எங்கே வாங்கினே?"

மச்சினன் டப்பாவை வாங்கவில்லை. குடையைச் சாய்த்துவைத்துவிட்டு, ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஷூ இரண்டையும் எடுத்து அவருடைய வெறுங்கால்களுக்கு முன்னால் ஜோடியாக வைத்தான்.

"துடுப்பு உங்களோடது அத்தான், நீங்க தூங்கறப்போ அக்கா பென்சிலை ஓட்டிச்சு, கால் அசையாம பிடிச்சுக்கிட்டது நான்."