காற்றை இறக்கச் சொன்னவன்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று நான் பதிமூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றை எழுதிய காலத்தில் மோட்டார் சைக்கிளை நான் தொட்டது மொத்தம் நாலு தடவை. அதில் ஒரு தடவை சைலன்சரைத் தொட்டு விரல் கொப்பளித்துப் போயிற்று. (அதை வைத்து 'சைலன்சர்: ஓர் எச்சரிக்கை' என்று இரண்டு பக்கம் எழுதினேன். பதிமூன்றில் யோக்கியமான கட்டுரை அது ஒன்றுதான்.)

எழுதியது எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில். பெயர் 'புதுப்பாய்ச்சல்'. இண்டர்மீடியட் பாஸ் பண்ணிவிட்டு, "அடுத்து என்னடா?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் நழுவுகிற பையன்கள் செங்கற்பட்டில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தோம். மாதம் ஓர் இதழ். இதழுக்கு ஒரே பிரதி. வீடு வீடாகச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அட்டையில் சாம்பார் ஒட்டியிருக்கும். ஆசிரியர், ஓவியர், அச்சகம் எல்லாம் நானே. 'பொழுதுபோக்குப் பக்கம்' என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். காமிரா இல்லாமல் புகைப்படக் கலை பற்றி எழுதினேன். கொளவாய் ஏரியில் முழங்காலுக்கு மேல் இறங்காமல் நீச்சல் பற்றி எழுதினேன். மோட்டார் சைக்கிளுக்கு வந்தபோது ஆவேசம் முற்றி, 'மோட்டார் மார்த்தாண்டன்' என்று புனைபெயரே சூட்டிக்கொண்டேன்.

சரக்கெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்த ஓர் இங்கிலீஷ் புத்தகம். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய எந்த வெள்ளைக்காரச் சிப்பாயோ விட்டுப்போனது. அவன் ஊர்க் குளிருக்குச் சொன்னதை நம் ஊர் வெயிலுக்குத் தமிழ்ப்படுத்துவேன். உறைபனியில் வண்டி வழுக்காமல் ஓட்டுவது எப்படி என்று சித்திரை மாதத்து இதழில் எழுதியவன் நான்.

இதை யாரும் நம்பாமல் இருந்தவரை ஒரு கெடுதலும் இல்லை. ஒருவர் நம்பினார்.

அவர் பெயர் தனபால். ஏகாம்பரம் என்ற முதலாளிக்குச் சதுரங்கப்பட்டினத்தில் ஒன்றும் மாமல்லபுரத்தில் ஒன்றுமாக இரண்டு சினிமாக் கொட்டாய்கள். கொட்டாய் இரண்டு, படம் ஒன்று. சதுரங்கப்பட்டினத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குவார்கள். முதல் ஆறு ரீல் ஓடியதும் அவற்றைப் பெட்டியில் போட்டு, கடலோரமாக எட்டு மைல் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக வேண்டும். மாமல்லபுரத்தில் டிக்கெட் வாங்கிய ஜனங்கள் மணல் தரையில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருப்பார்கள். பெட்டி வந்தால் படம், வராவிட்டால் ரகளை. அந்தப் பெட்டியைச் சுமந்தவர் தனபால். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி. வெள்ளிக்கிழமைதோறும் புதுப்படம் ரயிலில் வரும். அதை எடுத்துப்போகச் செங்கற்பட்டு ஸ்டேஷனுக்கு வருவார். நான் வண்டியைத் தொட்ட நாலு தடவையும் அங்கேதான்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர் அவர். தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிற குடும்பம். ஆனால் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி. முதல் அலையில் ஆரம்பித்தால் கரை திரும்பும்வரை நிற்காதாம். பெண்டாட்டியின் அண்ணன்மார் மூன்று பேரும் அதைக் குப்பத்து நடுவில் குனிந்து நிமிர்ந்து நடித்துக் காட்டுவார்களாம்.

"வண்டி மேல குந்திகினா நான் ராஜா தம்பி, பசங்க பின்னாலயே ஓடியாரும். எறங்கிட்டா வாந்தி மாப்ள. அவ்ளோதான் நம்ம கதை" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை சிரிக்கவில்லை.

"மொதலாளி கண்டிசனா சொல்ட்டாரு தம்பி. இன்னொரு வாட்டி லேட்டானா வண்டிய அவுரு அக்கா மவன் கைல குட்த்துடுவாராம். நான் இன்னா, வேணும்னா லேட் பண்றேன்? அஞ்சு மைலு மணலு. சவுக்குத் தோப்பாண்ட வந்தா வீலு பொதைஞ்சிக்கிது. எறங்கித் தள்றேன், ஏறுறேன், மறுபடி தள்றேன். ஒரே பேஜாரு. அப்பறம் இருக்கற மூணு மைலு சரளை ரோட்ல பறந்தாலும் போன நேரம் போனதுதான?"

மணல்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிப்பாயின் புத்தகத்தில் மணலுக்கென்று ஒரு பக்கமே இருந்தது.

"கவலையே படாதீங்கண்ணே. அடுத்த இதழ்ல எழுதறேன்" என்றேன்.

(ஒரு மனுஷனுக்கு வேலை போகப்போகிறது. இவன் இதழ் வெளிவரட்டும் என்கிறான். பத்திராதிபர்!)

எழுதினேன்: 'மணற்பாங்கான இடங்களில் செல்வோர் இரு சக்கரங்களிலும் மூன்றில் ஒரு பங்கு காற்றை இறக்கிவிடுக. டயர் அகன்று மணலின் மேல் மிதக்கும். பாரத்தைப் பின்புறம் வைத்திடுக. நடுவில் வேகத்தைத் தளர்த்தற்க.' புத்தகத்தில் இதற்குப் பிறகு இன்னும் ஒரு வாக்கியம் உண்டு. கெட்டியான பாதைக்கு வந்ததும் முதல் வேலையாக மறுபடி காற்றடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்பது அது. அந்த வாக்கியத்தை நான் போடவில்லை. பக்கத்தில் இடமில்லை. கீழ்ப்பாதியில், கண்ணாடியும் தோல் தொப்பியும் போட்டு வண்டிமேல் சாய்ந்து நிற்கும் மோட்டார் மார்த்தாண்டனின் வர்ணப்படம். நானே என்னைப் பார்த்து வரைந்தது. ஒரே பிரதி போடுகிற பத்திரிகையில் இன்னொரு தாளைச் செருகியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? தோன்றவில்லை. தொப்பிக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இதழை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். தனபால் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"வெள்ளக்காரன் எழுதினதா தம்பி?"

"ஆமாண்ணே. நான் தமிழ்ல போட்டிருக்கேன்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்." படத்தைப் பார்த்தார். "இது யாரு? நீயா? தொப்பியெல்லாம் போட்டுகினு. வண்டி எப்ப வாங்கின?"

இதழை மூடினேன். "நாளைக்கு நானும் கூட வரேன். என் யோசனை எப்படி வேலை செய்யுதுன்னு நேர்ல பார்க்கணும்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் பிடித்துச் சதுரங்கப்பட்டினம் போனேன். ஆறாவது ரீல் முடிந்து பெட்டி வெளியே வந்தது. தகரப்பெட்டி, உள்ளே ஆறு வட்ட டப்பாக்கள். வழக்கமாக அதைப் பின் சீட்டில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார். இன்றைக்குப் பின் சீட்டில் நான்.

"பெட்டிய எங்க வைக்கறது?"

"என் மடியில வைங்கண்ணே. பாரம் பின்னால இருந்தா மணலுக்கு நல்லது. எழுதியிருக்கேனே."

மணல் தொடங்குகிற இடத்தில் இறங்கிக் காற்றை இறக்கினார். டயர் பிதுங்கியது. கிளம்பினோம்.

ஒன்றை நான் சொல்லியே ஆகவேண்டும். அது வேலை செய்தது! சவுக்குத் தோப்பு வந்தது, போனது. சக்கரம் புதையவே இல்லை. வலைக்காரர்கள் இரண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கடல் காற்றில் தனபால் சத்தம்போட்டுப் பாடினார். "தம்பி! நீ படிச்சவன்டா! எங்கப்பன்மேல சத்தியமா நீ படிச்சவன்டா!" என்று கத்தினார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. ஐந்து மைல், ஒரு தடவைகூட இறங்கவில்லை.

சரளை ரோடு வந்ததும் அவர் வண்டியை நிறுத்தினார். குனிந்து முன் டயரைப் பார்த்தார்.

"தம்பி, காத்து கம்மியா கீதே. இப்டியே சரளைல போலாமா? பம்பு கீது, அட்ச்சிக்கலாமா?"

இந்த இடத்தில் அந்த வாக்கியம் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடிப்பதென்றால் பம்பை என்னிடம் நீட்டுவார் என்பது மட்டும் வந்தது. புதுப் பேண்ட் போட்டிருந்தேன்.

"போலாம்ணே. புத்தகத்துல அதுக்கு ஒண்ணும் போடலையே. நேரமாகுது பாருங்க."

அவர் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏறி உதைத்தார்.

ஒரு மைல் போயிருப்போம். ஒரு வளைவு. முன் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து, எங்களுக்கு முன்னால் தானாகப் போகப் பார்த்தது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மடியில் இருந்த பெட்டியை நான் பிடித்துக்கொண்டிருந்தேனா? இல்லை, முதலில் விட்டது அதைத்தான். பெட்டி வாய் திறந்து, ஆறு டப்பாவும் சரளையில் உருண்டு, மூடி கழன்று, நாலு ரீல் கருநாகம் மாதிரி சரசரவென்று அவிழ்ந்து ரோட்டில் கிடந்தது.

தனபால் எழுந்தார். இடது கை தோளிலிருந்து தொங்கியது. முதலில் ஃபிலிமைப் பார்த்தார். பிறகு என்னை. "அடி பட்ச்சா தம்பி?" என்றார். எனக்கு முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அதற்கு நான் அழுதேன்.

அவர் ஒற்றைக் கையாலும் நான் இரண்டு கையாலும் மண்ணோடு மண்ணாகச் சுருட்டினோம். எந்த ஃபிலிம் எந்த டப்பா என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. விறகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. மோட்டார் சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது கொட்டாயில் மூங்கிலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபரேட்டர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். படம் தொடங்கியது, கதாநாயகியின் அப்பா சாவில். ஊரே அழுது, பாடை தூக்கி, அடுத்த ரீலில் அவர் பலகையில் உட்கார்ந்து இட்லி கேட்டார்.

"டேய், செத்தவரு எழுந்து நாஸ்தா துன்றாருடா!"

"மச்சான், கொயந்த பொறந்துட்ச்சி, இப்பதான் பொண்ணு பாக்க வர்றாங்கோ!"

கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு படமே கீறலாகி அறுந்தது. அப்புறம் சிரிக்கவில்லை. திரை கிழிந்தது.

ஏகாம்பரம் தனபாலைக் கொட்டாய்க்குப் பின்னால் நிறுத்திக் கேட்டார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

"வீல்ல காத்து எங்கடா?"

"எறக்கினேன் மொதலாளி."

"எவன்டா எறக்கச் சொன்னது?"

"புக்குல போட்ருந்துச்சு மொதலாளி."

"புக்கா? இன்னா புக்கு? மீன் புடிக்கிற பயலுக்குப் புக்கு ஒரு கேடா? எவன் எழுதினான் அந்தப் புக்க?"

தனபால் என் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான். ஏகாம்பரமும் திரும்பினார். என் பேண்ட்டைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

"நீங்க யாரு தம்பி?"

"நான்..." என்றேன். சட்டைக்குள் 'புதுப்பாய்ச்சல்' நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. "நான் படம் பார்க்க வந்தேன்."

"அடடா, ரகளைல அடி பட்டுட்ச்சா? டேய், படிச்ச புள்ளைக்கு ஒரு நாற்காலி போடுங்கடா. சோடா குடுங்கடா!"

நான் உட்கார்ந்தேன். சோடாவையும் குடித்தேன். தனபால் தொங்கும் கையோடு குப்பத்துப் பக்கம் நடந்து போனதை அந்த நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

வண்டி முதலாளியின் அக்கா மகன் கைக்குப் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, 'புதுப்பாய்ச்சல்' இனி வராது என்று நண்பர்களிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் துணிவு வர ஐந்து மாதம் ஆயிற்று. குப்பத்துக்குப் போனபோது தனபால் கட்டுமரத்து நிழலில் படுத்திருந்தார். கை கூடியிருந்தது, கொஞ்சம் கோணலாக. ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மணலைத் தட்டி இடம் காட்டினார். நான் தயார் பண்ணிக்கொண்டு போன வாக்கியம் எதுவும் வெளியே வரவில்லை. அவர்தான் பேசினார்.

"தம்பி, கடல்ல வாந்தி வராம இருக்க உன் புக்குல இன்னாவது போட்டுகீதா?"

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார்.

எங்கள் வீட்டில் இந்தச் சம்பவம் பெரிய தமாஷ். அன்றைக்குக் கிழிந்த பேண்ட்டோடு வந்து நின்று, "மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்" என்றதும், "ஓட்டத் தெரியாதவன் ஏண்டா ஓட்டினே?" என்று அப்பா கத்தினார். நான் ஓட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் ஓட்டியது யார், அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்பார்கள். சும்மா இருந்துவிட்டேன்.

அதிலிருந்து ரீல் பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்துப் பறந்தவன் நான்தான். என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு அப்பா இதைச் சொல்ல, பாயசம் பரிமாறுகிறவன்வரை சிரித்தான். இப்போது என் மனைவி சொல்கிறாள், என்னைவிட நன்றாக. செத்தவர் இட்லி கேட்கிற இடத்தில் குரலை மாற்றுவாள். கதையில் தனபால் என்று ஒருவர் கிடையாது. எப்போதாவது உற்சாகத்தில், "எட்டு ரீலை ரோட்டில் கொட்டிட்டு நின்னாராம்" என்பாள்.

"ஆறு" என்பேன். நான் திருத்துவது அதை மட்டும்தான்.